நான் மூன்றாகத் திருத்திய ஒன்று

கொரோனா இரண்டாம் அலையின்போது காரைக்குடியில் முதுகலை கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலை மூடிவிட்டதால் எல்லோரும் அவரவர் வீட்டில், நான் தேவகோட்டையில். ஊரடங்கில் மாணவர்களின் சாப்பாட்டுப் பழக்கம் எப்படி மாறியது என்பதுதான் என் ப்ராஜெக்ட். கேள்விகளைப் படிவமாக்கி வகுப்புத் தோழர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

வந்த பதில்களைப் படித்தால் சிரிப்புத்தான். பத்து மணிக்கு எழுந்து இட்லி, வகுப்பு நடக்கும்போதே கேமராவை அணைத்துவிட்டு முறுக்கு, யூடியூப் பார்த்துக் கருக்கிய கேக். நான் மட்டும் என்ன, அம்மா சுட்ட கந்தரப்பத்தில் நன்றாகவே உப்பியிருந்தேன்.

நாச்சியாபுரத்துத் தோழி ஒருத்தி மட்டும், ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு '1' என்று போட்டிருந்தாள். ஹாஸ்டலில் இருந்தபோது எத்தனை என்பதற்கு '3'. கைதவறி அழுத்தியிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சோம்பேறித்தனம். நானே அதை '3' ஆக்கிவிட்டேன்.

ஆன்லைனில் ப்ராஜெக்ட்டை விளக்கும்போது, யாருமே மூன்று வேளைக்குக் குறைத்துச் சாப்பிடவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். பேராசிரியரும் பாராட்டினார். முடிந்த கையோடு அவளிடமிருந்து போன்.

"ஏன்டி, எல்லாரும் மூணு வேளை சாப்புட்டோமாக்கும்? நான் ஒண்ணுன்னுல்ல போட்டேன்?"

"தெரியாம அமுக்கிட்டியோன்னு நெனச்சேன்டி..."

"எங்கப்பா கல்யாணச் சமையலுக்குப் போறவுகன்னு ஒனக்குத் தெரியும்ல? ஊர்ல கல்யாணமே இல்ல, எங்குட்டு அடுப்பெரியும்? ஹாஸ்டல்ல இருந்த வரைக்குந்தான் எனக்கு மூணு வேளை."

அவள் அழவில்லை. ஆயிரம் இலைக்குச் சமைக்கிற மனிதர் வீட்டில் ஒரு வேளைதான் உலை! வெட்கத்தோடு அப்பாவிடம் போய் நின்றேன்.

விஷயத்தைச் சொன்னதும், மறுநாள் காலை கடை திறக்க அனுமதித்திருந்த நேரத்தில் அப்பா வண்டியை எடுத்தார். அரிசி, பருப்போடு போய் இறங்கினோம். "இப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சேனாக்கும்" என்று குத்திக்காட்டிவிட்டுத்தான் பையை வாங்கினாள். வாங்கிக்கொண்டாளே என்று நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த '3'ஐ மறுபடி '1' ஆக்கினேன். சராசரி அசைந்த மாதிரியே தெரியவில்லை. ஒருத்தியின் பட்டினி அந்தக் கணக்கில் எங்குமே தெரியாது. 

இப்போது நான் பார்க்கும் வேலையிலும் இதே மாதிரிப் படிவங்கள்தான். மற்றவற்றோடு ஒத்துவராத எண் ஒன்று கண்ணில் பட்டால் திருத்தக் கை வருவதில்லை. போனை எடுத்து, சாப்பிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.