சாம்பல் சத்து

ஞானமேரியின் வீட்டில் பேச்சுச் சத்தம் நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது. கணவர் அமலநாதன் கண்ணை மூடிய பிறகு, ஜவ்வாது மலையடிவாரத்து முக்கால் ஏக்கர் மக்காச்சோளம்தான் அவளுக்குத் துணை. "இந்த வாட்டி வெளையலன்னா நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டு என்கூட ஓசூருக்கு வந்துடணும்" என்று மகன் பெல்வின் கறாராகச் சொல்லியிருந்தான். வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கிருந்த ஒரே வாய் அந்தப் பயிர்.

அந்த வருடம் பார்த்தா மழை பொய்க்க வேண்டும்! போர்வெல் தண்ணீர் அடிக்கு இறங்கி, வாயில் வைத்தால் கரித்தது. அடியிலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. பக்கத்துத் தெருவில் விவசாயம் படித்த பூவிழி, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், "உப்புத் தண்ணியும் வறட்சியும் தாங்கணும்னா சாம்பல் சத்து குடுங்கம்மா!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

சாம்பல்தானே! ஆனால் இப்போது யார் வீட்டில் விறகடுப்பு எரிகிறது?

"இன்னா மேரிம்மா, சாம்பலா? உங்க சாம்பல் புதன் போயி மூணு மாசமாச்சே!" என்று அடுத்த வீட்டு ரேணுகாதேவி சிரித்தாள். ஞானமேரியும் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. இன்னும் கொஞ்சம் நின்று பேசலாமென்று மனம் ஏங்கியது. ரேணுகாதேவிக்குக் குக்கர் கூப்பிட்டது.

டீக்கடையிலும் இஸ்திரிக் கடையிலும் கெஞ்சிச் சேர்த்தது பாதி நிலத்துக்குத்தான் எட்டியது. பத்தாம் நாள் அந்தப் பாதி வெளுத்துச் செத்தது.

பூவிழி தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோம்மா, சாம்பல் சத்துன்னா பொட்டாஷ்! ஏற்கெனவே உப்பு ஏறுன மண்ணு. அதுல போயி அடுப்புச் சாம்பலக் கொட்டுவாங்களா?"

மீதிப் பாதிக்கு, பூவிழி சொன்னபடி, வெள்ளைப் பொட்டாஷ் உரத்தைத் தண்ணீரில் கரைத்து, தெளிப்பானை முதுகில் சுமந்து, ஞானமேரியே இலை இலையாக அடித்தாள். தண்டு கெட்டிப்பட்டது.

அறுப்புக்கு பெல்வின் வந்தான். செத்த பாதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். மறுபாதியில் ஒரு கதிரை உரித்தான். நுனிவரை மணி பிடித்திருந்தது. அதை அம்மாவின் கையில் கொடுத்தான்.

"சரிம்மா. சொன்னா சொன்னதுதான். நீ இங்கயே இரு. போய்ட்டு வர்றேன்."

ஜெயித்துவிட்டாள். பஸ் வளைவில் மறைகிற வரை கையாட்டினாள். 'அதெல்லாம் இல்ல, நீ வந்தே ஆகணும்' என்று ஜன்னல் வழியாக அவன் ஒரே ஒரு தடவை கத்தமாட்டானா என்று, பஸ் போன பிறகும் அந்தத் தாய் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.