சந்தனம் பூசிய பட்டாளத்து லாரி

போர்டிக்சன் ராணுவ முகாமில் ஏலத்தில் எடுத்த லாரியைப் பார்த்ததும் என் கணவருக்கு வாயெல்லாம் பல். நானோ ஏறத் தயங்கி நின்றேன். என் நகையெல்லாம் லாரியாக நிற்கிறதே என்பதற்காக இல்லை. அதன் நிறம் அப்படி, முழுக்கப் பட்டாளத்துப் பச்சை.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். பகாவ் பக்கம் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்துக்குப் போக, சிரம்பானைத் தாண்டி மலைப்பாதையில் ஏற வேண்டும். அங்கே காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் பட்டாளத்து வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சுடுவார்கள். வண்டியை விற்றாகிவிட்டது, இப்போது ஓட்டுவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிற தமிழன் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

"சிரம்பான்ல கோயில் வாசல்ல நிறுத்துங்க. பூஜை போட்டுட்டுப் போவோம்," என்றேன்.

"வீட்டுக்குப் போயி நல்ல நாள் பாத்துப் போட்டுக்கலாம் லா. பொழுது சாஞ்சா தோட்டத்து கேட்டைச் சாத்திடுவான்."

"வீடு போய்ச் சேந்தாத்தானே நல்ல நாளு?"

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து என் வாய்க்கு அவர் பயப்படுவார். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

பூசாரி லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே விபூதிப் பட்டை போட்டு, சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத் தட்டை நீட்டினார். "பத்தாது சாமி, பச்சை தெரியாத அளவுக்குப் பூசணும்," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிண்ணத்தை வாங்கி நானே பூச ஆரம்பித்தேன். சந்தனம் தீர்ந்ததும் மஞ்சளைக் கரைத்துக் கதவுகளில் அடித்தேன். முன்னால் இரண்டு பக்கமும் வாழை மரம், குறுக்கே மாவிலைத் தோரணம். "லாரியா, தேரா?" என்று கணவர் முணுமுணுத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மலையடிவாரத்தில் போலீஸ் சோதனை. மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, கல்யாணமா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். சட்டென்று அவர் முகம் மாறியது. எங்கேயும் நிற்காமல் போங்கள் என்றார்.

ஏற்றத்தில் லாரி முக்கி முனகியது. நடந்து போகிறவன்கூட எங்களை முந்தியிருப்பான். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரியட்டும் என, முந்தானையை வெளியே பறக்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிட்டேன். எதுவும் நடக்கவில்லை. இறக்கம் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வழக்கமில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கேட்டைச் சாத்துவதற்குள் போய்விட்டோம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனமெல்லாம் முள்வேலியோரம் கூடியிருந்தது. எங்களை வரவேற்கத்தான் என்று நினைத்தேன். கிட்டே போனால் என் அக்கா, அவளிடம் விட்டுப்போயிருந்த என் கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி தலைவிரிகோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். மலைப்பாதையில் ஒரு பட்டாளத்து லாரியைச் சுட்டு எரித்துவிட்டதாகத் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் வந்ததாம். நாங்கள்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அது எங்களுக்குப் பின்னால் ஏறிய வண்டி. அதில் இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள் என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சாயங்காலம் அக்கா கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கி முகமெல்லாம் முத்தமிட்டேன். அப்பாடா, நாங்கள் இல்லை என்ற ஒரே நினைப்புதான் அப்போது இருந்தது.