நுனியில் காது வைத்த இரும்பு

ஒரகடம் சாலையோரம் முள்காடாகக் கிடந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, பழைய பிரஸ் மெஷின் ஒன்றோடு ஆரம்பித்தவன் நான். இன்று அது கார்களுக்குப் பாகம் அடித்துக் கொடுக்கும் பட்டறை. பிள்ளைப்பாக்கத்தில், வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் தங்க அறைகள் கட்டினேன். மாடி வீடு கட்டினேன். தம்பியைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். நான் படித்தது ஐந்தாவது. இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு கைக்கருவி எதற்கென்று சொல்லத் தெரியாதா?

அது எங்கள் பரம்பரைச் சொத்து. சாண் நீள இரும்பு, லேசாக வளைந்து கூராக முடியும். பிடி மரம். ஆயுத பூஜையில் முதல் சந்தனம் அதற்குத்தான், பிறகுதான் மெஷின்களுக்கு. முப்பாட்டன் சண்டைக்கு எடுத்துப்போன கத்தி என்று வீட்டில் எல்லாரும் நம்பினோம். இந்த வருஷம் தம்பி அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்து, 'முப்பாட்டனின் போர்க்கத்தி' என்று பித்தளைத் தகட்டுக்கும் சொல்லிவிட்டான்.

பூஜைக்கு முந்தின மத்தியானம் அதை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. கழுவிவிட்ட தரையில் வெயில் ஏரித் தண்ணீராக அசைந்தது. துணி எதிலோ சிக்கியது. கூர்முனைக்குச் சற்றுப் பின்னால் ஊசிக்கு இருப்பதுபோல ஒரு காது, பழைய சந்தனம் அடைத்துக் கிடந்தது. குண்டூசியால் குத்தினேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒரு பொட்டாக வந்து நின்றது.

கத்திக்கு எதற்குக் காது? தையல் மெஷின் ஊசிக்குத்தான் காது நுனியில் இருக்கும். அப்படியானால் இது குத்தி, எதையோ கோத்துக்கொண்டு திரும்பி வருகிற இரும்பு.

வெளியே கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிக்க, நடுரோட்டில் ஒரு காளை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண் சொக்கியது. பஸ் சத்தம் தேய்ந்து காளையின் மூச்சு மட்டும் என் தோளருகே கேட்டது. அதன் மூக்குக் கயிறு மெல்ல நீண்டு, ரோட்டைக் கடந்து, என் கையிலிருந்த இரும்பின் காதுக்குள் நுழைந்தது. தூங்கினேனா, விழித்திருந்தேனா, தெரியாது. விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. இது மாட்டுக்கு மூக்குக் குத்துகிற ஊசி.

தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். "இன்னாண்ணா, பகல்லயே கனா கண்டுக்கினு கீற?"

மறுநாள் வல்லக்கோட்டையிலிருந்து அக்கா வந்தாள். பட்டறை தொடங்கும் முன்பே அவளுக்குக் கல்யாணம்; புகுந்த வீட்டிலும் அன்றைக்கே பூஜை என்பதால், எங்கள் பட்டறைப் பூஜைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இரும்பை அவள் கையில் கொடுத்து, இது என்னவென்று கேட்டேன்.

"நீங்க பொறக்கறதுக்கு முன்னால தாத்தா காளைக் கன்னுக்கு மூக்கு குத்துவாரே, அது. இதுக்கு ஏன்டா பொட்டு வெச்சிகீறீங்க?"

"முப்பாட்டன் சண்டைக்கு எடுத்துப்போன கத்திக்கா," என்றான் தம்பி.

"யாரு, அவரா? சந்தையில கூட்டம்னாலே வூட்டுக்குத் திரும்பி வந்துடுவாராம்."

பட்டறையே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே, முந்தின மத்தியானம் நான் கண்டுபிடித்தது காணாமல் போனது. புதுத் தகடு வந்தது: 'மாட்டுக்கு மூக்குக் குத்தும் ஊசி. கண்டுபிடித்தவர் அக்கா.'

அக்கா பார்த்ததைச் சொன்னாள். நான் பார்க்காததைக் கண்டேன். அவள் சாட்சி, அவ்வளவுதான். தகட்டில் என் பெயர் முதலில் வரவேண்டும், அதன் கீழே அவள் பெயர். அதுவரை கண்ணாடிப் பெட்டியின் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.