பாக்கெட்டில் செல்வி, வேனில் நெல்

போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தூயமல்லி அரிசி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால்... என் நாத்தனார் செல்வி சிரித்துக்கொண்டிருக்கிறாள்! கையில் நெற்கதிர், தலையில் கம்பெனித் தொப்பி. கீழே, ‘மண்ணைக் காக்கும் எங்கள் விவசாயி.’

எனக்கு ஒரே பெருமை. பில் போடும் பெண்ணிடம்கூடக் காட்டினேன். அங்கேயே நின்று செல்விக்குப் போன் போட்டேன்.

“அது போன வருஷம் எடுத்த போட்டோ அண்ணி. இந்த வருஷம் என் நெல்ல அவங்க எடுக்கவே இல்ல.”

செல்விக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம். உரமும் மருந்தும் போடாமல் பாரம்பரிய நெல் பயிரிடுங்கள், மொத்தத்தையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று அந்தக் கம்பெனி சொன்னதை நம்பி இறங்கியவள். முதல் இரண்டு போகமும் விளைச்சல் பாதியாகக் குறைந்தது. களை பறித்தே இடுப்பு ஒடிந்தது. இந்தப் போகம்தான் மண் கொஞ்சம் தேறி, நெல்லும் நன்றாக வந்திருந்தது.

அப்புறம் ஏன் எடுக்கவில்லை?

கொள்முதல் தேதியை யாரோ சென்னையில் உட்கார்ந்து குறித்திருக்கிறார்கள் — பௌர்ணமி அன்று. அவர்களுடைய குடோனோ அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே! பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் எங்கள் தெருவுக்கு காஸ் சிலிண்டர்கூட வராது. நெல் மூட்டை ஏற்றிய வேனை போலீஸ் விடுமா? ஊருக்கு வெளியிலேயே தடுப்புப் போட்டு நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் பருவம் தப்பிய மழை வேறு. மறுநாள் குடோனில் மீட்டரைக் குத்திப் பார்த்து, “ஈரம் ஜாஸ்திம்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்துக்கொண்டு போனால், “தேதி முடிஞ்சிடுச்சும்மா.”

எனக்கு வந்த கோபத்துக்கு, பாக்கெட்டில் இருந்த நம்பருக்கே அடித்தேன். நான் சொன்னதையெல்லாம் ஒரு பையன் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

“டேட் சிஸ்டம்ல லாக் ஆயிடுச்சு மேடம்.”

“தேதி குறிக்கும்போது காலண்டர் பாக்க மாட்டீங்களா தம்பி?”

“பாத்தோம் மேடம். அன்னைக்கு கவர்ன்மென்ட் லீவு இல்ல.”

என்ன சொல்வது இவர்களை?

மண்ணைக் காப்பது பற்றி லாட்ஜ் ஹாலில் ஏசி போட்டு ஒரு நாள் வகுப்பு எடுத்தார்களாம். தொப்பி கொடுத்தார்கள், டீ-ஷர்ட் கொடுத்தார்கள், போனில் ஏதோ ஆப் ஏற்றிவிட்டார்கள். எல்லாம் சரி. அறுவடை முடிந்ததும் ஒரு லாரியைக் கிராமத்துக்கு அனுப்ப மட்டும் ஆள் இல்லை. மழையில் நனைந்தால் மறுபடி காயவைக்க ஒரு வாரம் அவகாசம் கொடுக்கவும் மனசு இல்லை. மண்ணைக் காக்கிறவளுக்கு, அவள் நெல்லைச் சொன்னபடி எடுத்துக்கொள்வதைவிட வேறென்ன பெரிய உதவி வேண்டும்? இதற்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் நானே எடுக்கிறேன்... ஏசி வேண்டாம்.

நெல் இப்போது செல்வி வீட்டு நடையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. “அடுத்த போகம் பேசாம பழையபடி யூரியாவே போட்டுடலாம்னு இருக்கேன் அண்ணி. நம்பிக்கையே போயிடுச்சு” என்றாள். மூன்று போக உழைப்பு அது. ஒரு மூட்டை யூரியா போதும், எல்லாம் வீண்.

நேற்று அவளே கூப்பிட்டாள். கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். பாக்கெட்டுக்குப் புதுப் படம் வேண்டுமாம். அவள் சிரமப்படக் கூடாதென்று வீட்டு வாசலுக்கே பெரிய கார் அனுப்புகிறார்களாம்!

“நீ என்ன சொன்ன?”

“வரச் சொல்லிட்டேன் அண்ணி. நான் ஏறப்போறதில்ல... மூட்டையத்தான் ஏத்தப்போறேன்.”

அந்தக் காருக்கு டிக்கி பெரிதாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.