தோளை இறக்கும்மா

தெருவில் அவளுக்கு ஆல்ட்ரேஷன் அக்கா என்று பெயர். சட்டையை இடுப்பில் பிடித்துத் தைப்பாள், பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பாள். யாருக்கு எந்தத் தோள் தூக்கல் என்பதை ஆள் படியேறும்போதே சொல்லிவிடுவாள். சர்க்கரை எட்டிப் பார்த்ததும், தொலைதூர நகரத்தில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் மகள் அவளை ஓட வைத்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. தையல் மெஷின் நின்றால் வீடும் வாயை மூடிக்கொள்ளும்.

விடியற்காலையில் மேட்டுச் சாலை உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இறங்கிப் போய், கீழிருந்து ஓடிவருவாள். அந்த நேரத்தில் திருடனும் தூங்குவான். வீடியோ மகளுக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் போன் அலறும்.

"அம்மா, தோள் காதைத் தொடுது, இறக்கும்மா! இடுப்புல மடங்காத, கணுக்கால்லேர்ந்து சாயணும். மேட்டுல எதுக்கு இவ்ளோ அகலமா கால் வைக்கிற? பஸ்ஸப் பிடிக்கவா போற?"

"பெத்தவளுக்கே பாடம் எடுக்கிறியா நீ?" என்று சீறுவாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

ஆனால் பிடிவாதக்காரி. அளவு நாடாவையும் துணியில் கோடு போடும் சாக்பீஸையும் எடுத்துப்போய்ச் சாலைக்குக் குறுக்கே கோடுகள் இழுத்தாள். கோட்டுக்குக் கோடு குட்டி அடி. பார்வை உச்சியில் அல்ல, நாலடி முன்னால். கையைப் பின்னால் இழுத்தால் கால் தானாக வருகிறது என்பதும் பிடிபட்டது. ஒரு காலையில் எங்கும் நிற்காமல் தொட்டிவரை ஏறிவிட்டாள். மகள் குதிக்கப்போகிறாள் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

வாரம் முழுக்கக் கட்டைவிரல். மகளைக் குறை சொல்லி என்ன பயன்? சரியாகப் பொருந்திய சட்டையை யார் கடைக்குத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்? ஆல்ட்ரேஷன்காரிக்கு இது தெரியாதா என்ன?

மறுநாள் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, குதிகால் தொம்தொம்மென்று விழ, கோடுகளைத் தாண்டித் தாண்டி ஓடினாள். வெட்கமாகத்தான் இருந்தது. அனுப்பினாள்.

போன் அலறியது.

"என்னம்மா இது, பழையபடி ஆரம்பிச்சிட்ட! முட்டி போயிடும்!"

"வயசாயிடுச்சுடி, மறந்து போகுது. மறுபடி சொல்லு."

மகள் முதலிலிருந்து சொன்னாள். இவள் சுவரில் சாய்ந்து, எல்லாம் தெரிந்தும் தெரியாதவள்போல் ம் கொட்டினாள். முட்டி நிஜமாகவே வலித்தது. அதைச் சொல்லவில்லை. ஓடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"நீ சாப்டியாடி?"

"இனிமேதான்மா. பேஷண்ட் வந்துட்டாங்க, வைக்கிறேன். நாளைக்குப் பாத்து ஓடு."

சாலையில் ஒருவரும் இல்லை. போனை இடுப்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு இறக்கத்தில் ஓடத் தொடங்கினாள். தோள் தளர்ந்து, அடி குறுகி, மகளே வந்து நின்றாலும் ஒரு குறை சொல்ல முடியாதபடி ஓடினாள். பார்க்கத்தான் ஆளில்லை.