அக்காளின் துப்பாக்கி வாய் திறவாத காலை

என் அக்காள் தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளர். நாளெல்லாம் பிறர் பேச்சுக்கு வழிவிட்டு வாய்மூடியிருப்பவள், ஞாயிறுதோறும் சுடுதளத்தில் குப்புறப் படுத்து, எட்டத்திலுள்ள அட்டையின் கருவட்டத்தைத் துளைப்பாள். இரண்டு வேலைக்கும் பொறுமைதான் முதல் என்பாள்.

அத்தான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கிரீஸ் டப்பாவும் கையுமாகவே திரிவார். கதவு, சன்னல், தையல் மிஷின் எதுவும் அவருக்குத் தப்பியதில்லை. “நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தா சத்தமே இல்லாம சௌகரியமா வந்துட்டுப் போவான்” என்று அக்காள் இடித்துரைப்பாள்.

அவ்வாண்டு துப்பாக்கி சுடும் மன்றத்தின் அணியில் ஓரிடம் காலியாயிற்று. முன்னர் மூன்று முறை கைநழுவ விட்ட இடம் அது. இம்முறையும் கிட்டாவிடில் துப்பாக்கியை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். தேர்வுக்கு முந்திய மாலை, அவள் பணிக்குச் சென்ற பொழுதில், அத்தான் துப்பாக்கியைத் துடைத்து வைத்தார்.

மறுநாள் கடும் பனி. முதற்பாதியை நன்றாகச் சுட்டவள், இடைவேளை முழுதும் பனியில் கிடந்த துப்பாக்கியோடு மீண்டும் படுத்து விசையை இழுத்தாள். ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும். ஆகவே குழலை இலக்கினின்று திருப்பாமல், கையை உயர்த்தியபடி காத்திருந்தாள். பின் வேறு தோட்டா இட்டாள். மீண்டும் ‘டிக்’.

“என்னம்மா, துப்பாக்கிக்கு இன்னும் விடியலையா?” என்றார் தள அதிகாரி. “கால் மணி தர்றேன். சரிபண்ணலைன்னா மிச்சத்துக்கு மார்க் கிடையாது.”

அக்காள் இரு தோட்டாக்களின் விளிம்பையும் பார்த்தாள். தோட்டாவை அடிக்கும் ஊசி பதிந்த தடம் நகக்கீறல் அளவே இருந்தது. “தோட்டா மேல தப்பில்ல. ஊசிதான் தயங்கித் தயங்கிப் போகுது” என்று, ஊசியைத் தாங்கும் பின்பூட்டான போல்ட்டைக் கழற்றினாள். உள்ளே கிரீஸ், குளிரில் மெழுகாய் இறுகிக் கிடந்தது.

பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு அப்பால் என்னோடு நின்ற அத்தானின் முகம் வெளிறிற்று.

“ரொம்ப நாள் உழைக்கட்டுமேன்னு உள்ளேயும் கொஞ்சம் வச்சேன்.”

“இது கொஞ்சமாங்க? இதுல ஒரு பஸ்ஸே ஓடும். பெட்ரோல் கொண்டாங்க.”

எவருடைய ஸ்கூட்டரிலிருந்தோ வடித்துக்கொண்டு ஓடிவந்தார். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து ஊசியையும் சுருள்வில்லையும் கழுவினர். அத்தானின் கையிலிருந்து ஊசி இருமுறை நழுவி விழுந்தது.

“அதை இங்க கொடுங்க. நீங்க துணியை மட்டும் பிடிங்க” என்றாள் அக்காள். குரலில் சினம் இல்லை. அதுதான் அவரை மேலும் வாட்டியிருக்கும்.

உலர்ந்த ஊசியைப் பொருத்தி மீண்டும் படுத்தாள். அத்தான் இலக்குக்கு முதுகு காட்டிக் காதைப் பொத்திக்கொண்டு, “வெடிச்சுதா?” என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வெடித்தது.

அணியில் அவள் பெயரை அதிகாரி வாசித்தபோது அத்தானுக்குக் கைதட்டவும் தோன்றவில்லை.

“இனிமே நான் வரலாமா?” என்றார், திரும்பும் வழியில்.

“நீங்க வராம? துணி பிடிக்க எனக்கு வேற யாரு இருக்கா” என்றாள் அவள்.

அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் இருவரும் சேர்ந்தே போயினர். இன்று இருவரும் இல்லை. சேர்ந்து நடந்துபோகும் அவ்விரு முதுகுகளே என் கண்ணில் நிற்கின்றன.