சுவிஸ் உள்ளே வந்த நாள்

கெபெக்கின் லாசாலில் நான் வேலை செய்யும் கிடங்குக்கு ஐரோப்பாவின் சின்னச் சின்ன நாடுகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். டென்மார்க் என்றால் வெண்ணெய் பிஸ்கட், போர்த்துக்கல் என்றால் டின் மீன், பெல்ஜியம் என்றால் வேஃபர், சுவிஸ் என்றால் சொக்கலேற். எந்த நாட்டு வியாபாரம் எப்படிப் போகிறது என்று பேப்பர் பார்க்கத் தேவையில்லை, என் முதுகைக் கேட்டால் போதும். டிசம்பரில் நத்தார் நெருங்கினால் டென்மார்க் ஓகோ என்றிருக்கும், நான் தைலம் பூசிக்கொண்டு படுப்பேன்.

கிடங்கில் தமிழர் நான்கு பேர். பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். வகுப்புக்குப் போய்ப் படித்தவள் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன். முதலாளி வாய் திறந்தால் மற்ற மூவரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு காலை, முதலாளி தொலைபேசியில் யாரிடமோ பதறிக்கொண்டிருந்தார். சுவிஸ் உள்ளே வந்துவிட்டதாம், குளிருக்கு முன்னால் எல்லாவற்றையும் விழுங்கிவிடுமாம். பிரெஞ்சிலும் அது சுவிஸ்தான். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஓடிப்போய் அந்த மூவரில் மூத்தவரான மட்டக்களப்பு அண்ணையிடம் சொன்னேன். "கொம்பனிய சுவிஸ்காரர் வாங்கப் போகினமாம் அண்ணை."

அவர் கையிலிருந்த டின் மீன் பெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப நம்மட வேலை?"

எனக்கும் அதே பயம்தான். இந்த நாட்டில் நானாகத் தேடி எடுத்த முதல் வேலை அது. சாப்பாட்டு நேரத்தில் சுவிஸில் இருக்கும் அக்காவை அழைத்தேன். அத்தான் போனைப் பறித்துப் பொருளாதாரம் பேசத் தொடங்கினார். "இஞ்சத்த காசு இப்ப நல்லா ஏறி நிக்குது. வெளிநாட்டில கண்டதையும் வாங்குவினம். வாங்கினா முதல்ல ஆக்களைத்தான் குறைப்பினம்."

வருவது வரட்டும் என்று நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். "சுவிஸ் வந்தாலும் என்னை வேலையில் வைத்திருங்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். என் அக்கா பல வருடமாக அவர்கள் நடுவில்தான் வாழ்கிறாள்," என்று பிரெஞ்சில் ஒப்பித்தேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "உன் அக்காவா? நிலத்துக்குக் கீழேயா?"

பிறகு என்னைப் பின்கதவுப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே ஒரு கம்பிக்கூடு. உள்ளே முதுகில் கோடு போட்ட அணில், நம் ஊர் அணில் மாதிரியேதான், பெல்ஜியம் வேஃபரை இரண்டு கன்னமும் புடைக்க அடைத்துக்கொண்டு என்னை முறைத்தது. நிலத்துக்குக் கீழே வளை தோண்டி வாழும் இந்த அணிலுக்குக் கெபெக்கில் சுவிஸ் என்று பெயராம். வகுப்பில் இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

கம்பனி கைமாறப் போகிறது என்று பயந்ததை நான் சொன்னபோதுதான் அறைக்கு வந்த காரணம் அவருக்கு விளங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவர் கம்பனியை வாங்க வரவில்லை. நீ எங்கேயும் போக வேண்டாம். நீ இல்லாமல் நத்தாருக்கு டென்மார்க்கை யார் இறக்குவது?"

நான் சிரித்துச் சிரித்துப் போர்த்துக்கல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அண்ணை ஓடிவந்தார்.

"வேலை போயிற்றா?"

"இல்ல அண்ணை, இருக்கு."

"அப்ப சுவிஸ்?"

"கூட்டுக்க கிடக்குது."

வேலை இருக்கும்போது ஏன் அழுகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. நீ இல்லாமல் முடியாது என்று இந்த நாட்டில் ஒருவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அன்று பின்னேரம் முழுக்க டென்மார்க்கைத் தலைகீழாக அடுக்கிவைத்தேன்.